ஆசிரியருக்கு: பழைய மிக்சரை ஓட விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் பழைய சமையலறைச் சாதனங்களைச் சேகரிப்பவர்கள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை, அதில் குறை இல்லை. ஆனால் அதில் இருந்த ஸ்டாண்ட் மிக்சர்கள், அதாவது மேசையில் நின்றபடி கிண்ணத்தில் மாவு பிசைந்து முட்டை அடிக்கிற இயந்திரங்கள், ஒன்றுவிடாமல் கண்ணாடி அலமாரிக்குள், ஒயரைச் சுருட்டிக் கட்டிய நிலையில் நின்றதைப் பார்த்தபோது எரிச்சலாகத்தான் இருந்தது. போதாக்குறைக்கு, இந்த மாதிரி அரிய பொருள்களை ஓட்டித் தேய்த்துவிடக் கூடாது என்று ஓர் அறிவுரை வேறு. பல வருடங்களாகப் பழைய மிக்சரில்தான் ரொட்டிக்கு மாவு பிசைகிறேன், கேக்குக்கு வெண்ணெய் அடிக்கிறேன், அதனால் இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை: ஓடாமல் நிற்கிற மிக்சர்தான் சீக்கிரம் கெட்டுப்போகும்.

காரணம் அதன் தலைக்குள் இருக்கிறது. கிட்சன்எய்ட் மாதிரியான மிக்சரின் தலையைத் திறந்தால் மோட்டாருக்கு முன்னால் கியர்கள் கெட்டியான கிரீஸுக்குள் புதைந்து கிடக்கும். கிரீஸ் என்பது எண்ணெயைப் பிடித்து வைத்திருக்கும் ஒரு குழைவு, அவ்வளவுதான். மாதக்கணக்கில் அசையாமல் இருந்தால் எண்ணெய் அதிலிருந்து பிரிந்து, பீட்டர் (கலவையை அடிக்கிற துடுப்பு) மாட்டுகிற தண்டு வழியாகச் சொட்டுச் சொட்டாகக் கீழே இறங்கும். பல வருடம் சும்மா இருந்த மிக்சரில் முட்டை வெள்ளைக்கருவை அடிக்கத் தொடங்கியதும் கிண்ணத்தின் ஓரத்தில் பழுப்பாக ஒரு துளி விழுந்து மெதுவாகப் பரவும் பாருங்கள், அதுதான் இது. வெள்ளைக்கருவில் துளி எண்ணெய் பட்டாலும் நுரை சரியாக எழும்பாது என்பது பேக் செய்கிறவர்களுக்குத் தெரியும், ஆக அந்தக் கிண்ணம் முழுக்க வீண். எண்ணெயை இழந்த கிரீஸோ உள்ளே மெழுகு மாதிரி இறுகிப்போய்க் கியர் பல்லை விட்டு விலகி ஓரமாக ஒட்டிக்கொள்ளும், அப்புறம் ஒருநாள் ஆசைப்பட்டு ஓட்டினால் இரும்பும் இரும்பும் நேராக உரசும். அவ்வப்போது வெறுமனே அதிவேகத்தில் இரண்டு நிமிடம் ஓட விட்டாலே இந்தப் பிரச்சினை பெருமளவு குறைந்துவிடும். அலமாரியில் வைத்திருப்பவர்கள் குறைந்தபட்சம் இதையாவது செய்யலாம்.

ஓட்டித் தேய்க்கக் கூடாது என்ற அந்த அறிவுரைக்கு இந்த இயந்திரங்கள் பிறந்த கதையிலேயே பதில் இருக்கிறது. அமெரிக்காவில் ஹோபார்ட் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த ஹெர்பர்ட் ஜான்ஸ்டன், 1908-இல் ஒரு ரொட்டிக் கடைக்காரர் உலோகக் கரண்டியால் மாவோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துத்தான் இயந்திரம் செய்ய யோசித்தார் என்பார்கள். முதலில் வந்தது பேக்கரிகளுக்கான பெரிய இயந்திரம், 80 குவார்ட் (சுமார் 75 லிட்டர்) கிண்ணத்தோடு. அமெரிக்கக் கடற்படைக் கப்பல்களின் சமையலறைகளுக்கும் அது போனது. அதைச் சுருக்கி வீட்டுக்கென்று கிட்சன்எய்ட் என்ற பெயரில் 1919-இல் கொண்டுவந்ததுதான் எச்-5 மாடல். சுருக்கியதே கிட்டத்தட்ட 30 கிலோ என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! அழகு பிற்பாடுதான் வந்தது. எக்மான்ட் ஆரென்ஸ் வடிவமைத்த 'கே' மாடல் 1937-இலும், வண்ண வண்ணமான மிக்சர்கள் 1955-இலும் வந்தன. கப்பலில் நாள் முழுக்க உழைத்த இயந்திரத்தின் வாரிசை விளக்குப் போட்டு உட்கார வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

சேகரிப்பவர்கள் கிட்சன்எய்டிலேயே நின்றுவிடுகிறார்கள் என்பதும் என் குறை. ஐவர் ஜெப்சன் வடிவமைத்து 1930-இல் வந்த சன்பீம் மிக்ஸ்மாஸ்டரில் இரண்டு பீட்டர்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்துச் சுழலும். கிண்ணத்துக்கென்று தனி மோட்டார் கிடையாது, ஒரு பீட்டரின் நுனியில் இருக்கிற சின்னக் குமிழ் கிண்ணத்தின் அடியில் உரசி உரசியே அதைச் சுற்ற வைக்கும். அதன் முன்னால் நின்று இதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், அத்தனை கெட்டிக்காரத்தனம். சுவீடனில் எலக்ட்ரோலக்ஸுக்காக ஆல்வர் லெனிங் உருவாக்கி 1940-இல் வந்த அசிஸ்டென்ட் அப்படியே தலைகீழ்: கிண்ணம் சுழலும், உருளை ஓரமாக நின்று மாவை அழுத்தும். இங்கிலாந்தில் கென்னத் வுட் 1950-இல் கொண்டுவந்த கென்வுட் செஃபும், 1960-இல் கென்னத் கிரேஞ்ச் அதற்குக் கொடுத்த நேர்கோட்டு உருவமும் தனி அழகு. ஜெர்மனியின் பிரவுன் கேஎம் 3 1957-இல் வந்தது, ஆனால் இன்றைக்குக் கடையில் வைத்தாலும் பழையது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

எந்த வேலைக்கு எது என்பதை ஓட்டிப் பார்க்கிறவர்களால்தான் சொல்ல முடியும். முட்டை, கிரீம், லேசான கேக் கலவை என்றால் மிக்ஸ்மாஸ்டர். அந்த இரட்டை பீட்டர்கள் சின்ன அளவைக்கூட விடாமல் பிடித்து அடிக்கும், ஆனால் இறுக்கமான ரொட்டி மாவை அதில் போட்டால் மோட்டார் முனகத் தொடங்கிவிடும், அதற்கு அது பிறக்கவில்லை. நிறைய ரொட்டி மாவு என்றால் அசிஸ்டென்ட், கொஞ்சமாகப் போட்டால் மாவு உருளைக்கு அகப்படாமல் வழுக்கிக்கொண்டு போகும். இரண்டுக்கும் நடுவில் எல்லா வேலைக்கும் ஓரளவு சரியாக வருவது, பீட்டர் ஒரு பக்கம் சுழன்றுகொண்டே எதிர்ப்பக்கமாகக் கிண்ணத்தைச் சுற்றி வருகிற கிட்சன்எய்ட், கென்வுட் வகை. பழைய கிட்சன்எய்டில் மாவுக் கொக்கியைப் போட்டுவிட்டு 2-ஆம் வேகத்தைத் தாண்டாதீர்கள், அந்த நிறுவனமே சொல்கிற விதி இது. அவசரப்பட்டு வேகம் கூட்டினால் கியருக்கும் கேடு, மாவுக்கும் கேடு. உரசலில் மாவு சூடேறும், 24 முதல் 26 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டிய ரொட்டி மாவு அதைத் தாண்டினால் புளிப்பு தறிகெட்டு ஓடும். அதனால் இயந்திரத்தில் பிசையும்போது தண்ணீரைக் கொஞ்சம் குளிர்ச்சியாகவே ஊற்றுவது என் வழக்கம். வெண்ணெயும் சர்க்கரையும் அடிக்கும்போதும் இதே கதைதான். வெண்ணெய் 18, 20 டிகிரியில் அழுத்தினால் குழியும் பதத்தில் இருந்தால்தான் சர்க்கரைத் துகள்கள் அதைக் கீறிக் காற்றைப் புகுத்தும், உருகிவிட்டால் காற்று நிற்காது. பழைய மிக்சரின் நடுத்தர வேகம் இதற்கு அளந்து வைத்த மாதிரி இருக்கும்.

வாட்ஸ் கணக்கைக் காட்டிப் பழசை மட்டம் தட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பழைய மிக்சர் 250, 300 வாட்ஸ் என்றும் புதியது 1000 வாட்ஸ் என்றும் போட்டிருக்கும். அந்த எண் மோட்டார் மின்சாரத்தை எவ்வளவு இழுக்கிறது என்பதற்குத்தான், பீட்டருக்கு எவ்வளவு வந்து சேர்கிறது என்பதற்கு அல்ல. பல பழைய கிட்சன்எய்டுகளில் மோட்டாரின் பின்பக்கம் கவர்னர் என்று வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு பொறி இருக்கும். வேகம் கூடினால் அதன் எடைகள் விரிந்து மின்தொடர்பைத் துண்டிக்கும், குறைந்தால் மறுபடி சேர்க்கும். நொடிக்குப் பலமுறை இது நடப்பதால்தான் மாவு இறுகும்போதும் வேகம் அப்படியே நிற்கிறது. அந்தத் தொடர்புப் புள்ளிகள் ஒட்டிக்கொண்டால் எந்த எண்ணில் வைத்தாலும் மிக்சர் முழு வேகத்தில் பறக்கும். பயந்து பழைய இரும்புக்குப் போட்டுவிடுகிறார்கள், பல நேரம் புள்ளிகளைச் சுத்தம் செய்து சரிப்படுத்தினாலே போதுமானது.

ரிப்பேர் செய்ய முடிகிறது என்பதற்காகத்தான் நான் பழசின் பக்கம் நிற்கிறேன். தலையின் இரண்டு பக்கமும் இருக்கிற வட்ட மூடியைத் திருகித் திறந்தால் மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கடத்துகிற கார்பன் பிரஷ் கையோடு வந்துவிடும், தேய்ந்திருந்தால் புதியது போட்டு மூடலாம். பல மாடல்களில் தாங்க முடியாத பளு வந்தால் முதலில் உடைவதற்கென்றே ஒரு கியரை வைத்திருக்கிறார்கள், மோட்டார் கருகாமல் இருக்க அது தன்னைக் கொடுத்துக்கொள்ளும். பழைய கிரீஸை வழித்து எடுத்துவிட்டு உணவுத் தரக் கிரீஸ் 150 கிராம் அளவுக்கு வைத்து மூடினால் மறுபடி பல வருட ஓட்டம். திருகாணிகள் எல்லாம் சாதாரணத் திருப்புளிக்கு வரும், பசை போட்டு ஒட்டி மூடிய பெட்டி எதுவும் இல்லை.

அதற்காகப் பழசெல்லாம் பொன் என்று சொல்ல வரவில்லை. அந்தக் காலத்து மிக்சர்தான் மிக்சர் என்று பெருமூச்சு விடுகிறவர்கள், கெட்டுப்போன பழைய மிக்சர்கள் எப்போதோ குப்பைக்குப் போய்விட்டன என்பதை மறந்துவிடுகிறார்கள். நம் கண்ணில் படுவது பிழைத்து வந்தவை மட்டும். பிழைத்து வந்ததிலும் ஒயர் பிழைத்திருக்காது. பழைய ரப்பர் உறையை லேசாக வளைத்தால் காய்ந்த மண் மாதிரி உதிரும், உள்ளே செம்பு தெரியும். மிக்சரின் உடலோ முழுக்க உலோகம், பலவற்றில் எர்த் இணைப்பே கிடையாது. ஈரக் கையோடு நிற்கிற சமையலறையில் இது விளையாட்டு இல்லை. எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் சரி, எலக்ட்ரீஷியன் ஒருவர் ஒயரை மாற்றி, எர்த் கொடுத்து, மின்கசிவு இருக்கிறதா என்று சோதித்த பிறகுதான் பிளக்கில் செருக வேண்டும். அமெரிக்காவில் விற்ற மிக்சர் என்றால் 120 வோல்ட்டுக்கானது, 230 வோல்ட்டில் நேராகப் போட்டால் காயில் கருகிவிடும். அதன் வாட்ஸைப் போல இரண்டு மடங்காவது தாங்கும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு, கிண்ணத்துக்கு நேர் மேலே உரிந்து தொங்கினால் அதை அப்படியே வைத்துக்கொண்டு அடிக்காதீர்கள், உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தூசியைக் கிளப்பவும் செய்யாதீர்கள்.

வாங்கப்போகிறவர்கள் நிறத்தைப் பார்த்து மயங்காமல் காதைத் தீட்டிக்கொண்டு போகவும். சீரான இரைச்சல் இருந்தால் கவலை இல்லை, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு 'டக்' கேட்டால் கியரில் பல் போயிருக்கும். நெடுநாள் கழித்து ஓட்டும்போது லேசாக ஒரு மின்வாடை வரும், சிறிது நேரத்தில் போய்விட்டால் பயமில்லை. புகை வந்தால் பிளக்கைப் பிடுங்குங்கள். தலையைத் தூக்கி இறக்குகிற வகை என்றால் கீலில் இருக்கிற ஆணி தளர்ந்திருக்கிறதா என்று ஆட்டிப் பாருங்கள், ஓட்டும்போது தலை துள்ளுவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். கிண்ணத்துக்குள் ஒரு சின்ன நாணயத்தைப் போட்டுக் குறைந்த வேகத்தில் தட்டை பீட்டரைச் சுழற்றினால் அது தட்டும்போதெல்லாம் நாணயம் கால் அங்குலம், அரை அங்குலம் நகர வேண்டும். நகரவே இல்லையென்றால் பீட்டர் உயரத்தில் நிற்கிறது, அடியில் மாவு கலக்காது. கிண்ணம் முழுக்க அதைத் துரத்தினால் பீட்டர் மிகவும் தாழ்ந்திருக்கிறது. சரிப்படுத்த ஒரு திருகாணி இருக்கும், அதற்காக விலையில் சண்டை போட வேண்டாம். பீட்டர் மெருகேற்றிய அலுமினியமாக இருந்தால் டிஷ்வாஷரில் போடவே போடாதீர்கள், கருத்துப்போய்ச் சாம்பல் மாதிரி ஒரு பொடி கிளம்பும், வெள்ளைக் கிரீமில் அது அப்பட்டமாகத் தெரியும்.

மறுபெயின்ட் அடித்து விற்கிறவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: தலையைத் திறந்து கிரீஸ் மாற்றினீர்களா? ஆம் என்றால் திறந்த தலையின் படத்தைக் காட்டச் சொல்லுங்கள். மேலே பளபளவென்று நிறம் ஏற்றிவிட்டு உள்ளே பல வருடத்து அழுக்கை அப்படியே மூடிக் கொடுப்பவர்களிடம் நானே ஒரு மிக்சர் வாங்கித் திறந்து பார்த்திருக்கிறேன், பெயர் சொல்லி என்ன ஆகப்போகிறது. கீறலும் சொட்டையுமாக, ஆனால் வாராவாரம் ஓடிக்கொண்டிருந்த மிக்சர் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு அதையே எடுங்கள்.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை சேகரிப்பவர்களைப் பற்றி எழுதும்போது ரிப்பேர் செய்பவர் ஒருவரையும் கூட உட்கார வைத்துப் பேசுங்கள். மோட்டார் வைண்டிங் செய்கிறவர்கள், கியர் கடைகிறவர்கள் எல்லாம் இன்னமும் இருக்கிறார்கள், இந்த இயந்திரம் தங்களுக்கும் வேலை தரும் என்பதுதான் அவர்களில் பலருக்குத் தெரியாது. உங்கள் படத்தில் இடது ஓரத்தில் நின்ற வெளிர் மஞ்சள் மிக்சரின் உரிமையாளருக்கும் ஒரு சேதி சேர்த்துவிடுங்கள்: தண்டுக்குக் கீழே எண்ணெய்க் கறை தெளிவாகத் தெரிகிறது, கிரீஸ் மாற்ற நேரமாகிவிட்டது.

இப்படிக்கு,
வீட்டில் பேக் செய்யும் ஒரு வாசகி