கழிமுகத்துப் புழுக்களுக்கும் ஒரு கணக்கு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

எண்ணூர் கழிமுகம் பற்றிய தங்கள் கட்டுரையில் எண்ணெய் வந்தது, சாம்பல் வந்தது, மீனவர் படும் பாடும் வந்தது. அடிச்சேற்றில் வாழும் புழுக்களைப் பற்றி ஒரு வரி இல்லை. இறாலும் கெளுத்தியும் அவற்றைத் தின்றுதானே வளர்கின்றன?

தண்ணீரைச் சோதித்தால் அன்றைய நிலைதான் தெரியும். அடுத்த ஓதத்தில் அது மாறிவிடும். மீன் வேறு பக்கம் ஓடிவிடும். சேற்றில் வாழும் பாலிகீட் என்ற கடற்புழுக்களில் பெரும்பாலானவை வளர்ந்தபின் அதிக தூரம் போவதில்லை. கழிவு மண்டி ஆக்சிஜன் குறைந்தால் மற்றவை அழிந்து, கேப்பிடெல்லா போன்ற சில புழுக்கள் மட்டும் பெருகும். எந்த இடத்தில் எந்தப் புழு என்பதை வருடக்கணக்கில் குறித்துவைத்தால் கடலடி மாறுவது தெரியும்.

பால்டிக் கடலில் 1985-இல் மாரன்செல்லேரியா என்ற வட அமெரிக்கப் புழு தென்பட்டது. அது பின்லாந்து வரை பரவியதை அங்குள்ளவர்களால் பின்தொடர முடிந்தது. சேற்றை அள்ளி எண்ணும் வழக்கம் அங்கே ஏற்கெனவே இருந்தது. இங்கே காக்கா ஆழி என்ற தென் அமெரிக்கச் சிப்பி அடித்தரையை மூடியபோது, மீனவர்கள் கத்திய பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது.

2017 ஜனவரியில் கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மறுபடியும் எண்ணெய். எவ்வளவு உயிர் அழிந்தது என்று கேட்டால், அதே இடத்து முந்தைய எண்ணிக்கை கையில் இருக்க வேண்டாமா? துறைமுகத் திட்ட அறிக்கைகளில் புழுப் பட்டியல் இருக்கும்தான். ஆனால் சேற்றை ஒருவர் அரை மில்லிமீட்டர் சல்லடையிலும் இன்னொருவர் ஒரு மில்லிமீட்டரிலும் சலித்தால் இரண்டையும் ஒப்பிட முடியாது. சின்னப் புழுவெல்லாம் பெரிய கண்ணில் நழுவிவிடும்.

பொன்னேரியிலேயே மீன்வளக் கல்லூரி இருக்கிறது. முகத்துவாரத்திலிருந்து பழவேற்காடு வரை சில இடங்களைக் குறித்து, ஒரே சல்லடையில், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் ஆண்டுதோறும் எண்ண அரசு பணம் ஒதுக்கட்டும். மழை வெள்ளத்தில் உப்பு குறைந்தாலே சில இனங்கள் குறையும். அதை மாசின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. எண்ணி முடித்த புழுக்களைக் கொட்டிவிடாமல் ஸ்பிரிட்டில் போட்டு வைக்கவும் வேண்டும். கேப்பிடெல்லாவை ஒரே இனமென்று நினைத்திருந்தார்கள். அது பல இனங்களின் கூட்டம் என்று 1976-இல் தெரிந்தது. பெயர் மாறினால் பாட்டிலைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம்.

ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை,
காலடிப்பேட்டை, திருவொற்றியூர்