குதிரையேற்றச் சங்க ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் செயலாளர் வைக்கும் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவையினரே, நேரத்தோடு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கை வழக்கம்போலப் புலனத்தில், அதாவது வாட்ஸ்அப்பில், போய்ச் சேரும். படித்தால் மகிழ்ச்சி.

வழக்கமான நிகழ்ச்சிகளை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். பொங்கல் விளையாட்டுப் போட்டி நடந்தது. முதலுதவிப் பயிற்சி நடந்தது. ஆயுத பூஜையன்று சேணங்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தோம், சுண்டல் போதவில்லை. தீபாவளி உபசரிப்பு தலைவர் வீட்டில் நடந்தது. நம் சங்கத்தில் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

இனி, இளையோர் வழிகாட்டிப் பயிற்சி. இதைச் சற்று நீட்டித்தான் சொல்வேன். போன பொதுக்கூட்டத்தில் "குதிரை ஓட்டத் தெரிந்தவனுக்கு இன்னும் என்ன பயிற்சி?" என்று கேட்டவர்கள் இங்கேயே உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஞாயிறு காலையில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் குதிரையைப் பழக்கிக் கொடுக்க, நம் உறுப்பினர்களையே தொண்டூழியர்களாகத் தயார் செய்வது என்பதுதான் திட்டம். பயிற்சி எதற்கு என்பது முதல் வகுப்பிலேயே தெரிந்துவிட்டது. தடை தாண்டும் போட்டியில் கோப்பை வாங்கிய நம் உறுப்பினர் ஒருவர், ஒரு சிறுமிக்குக் குளம்பு சுத்தம் செய்யக் காட்டினார். காலைத் தூக்கினார், கொக்கியால் சரசரவென்று தோண்டினார், "பாத்தியாம்மா?" என்றார். அவள் பார்த்தாள், அவ்வளவுதான். மறுவாரம் அவரைக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கச் சொன்னோம். வாயால் மட்டும்தான் சொல்லித்தர வேண்டும். தோள் பக்கமாகப் போம்மா, கழுத்தைத் தட்டு, கையைக் கால் வழியே கீழே இறக்கு, குதிப் பக்கத்திலிருந்து நுனியைப் பார்த்துத் தோண்டு, நடுவில் மெத்தென்று இருக்கும் முக்கோணத்தில் கொக்கி குத்தக் கூடாது. அவருக்கு வியர்த்துக் கொட்டியது. பின்னால் கட்டிய கை முன்னால் வரத் துடித்தது. அந்தப் பிள்ளை மெல்ல மெல்லத் தானே குளம்பைத் தூக்கி, மூக்கைச் சுளித்து, "அங்கிள், நாறுது" என்றாள். மழைக்காலத்தில் ஈரத்தில் நிற்கும் குதிரைக்குக் குளம்பு அழுகத் தொடங்குவதை அந்த நாற்றம்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். அந்தக் குதிரைமேல் அந்த வாரம் சவாரி போன பெரியவர்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

இந்தப் பயிற்சிக்கு முதுகெலும்பாக இருந்தவர் நம் மூத்த உறுப்பினரான ஐயா. இன்று கோலாலம்பூர் இரட்டைக் கோபுரம் நிற்கும் இடத்தில் அன்று இருந்த ஜாலான் அம்பாங் பந்தயத் திடலிலும், பிறகு சுங்கை பீசியிலும் சைஸாக, அதாவது குதிரை பராமரிப்பவராக, வேலை பார்த்தவர். குதிரைக்குக் கிட்டத்தட்ட சுற்றிலும் கண் தெரியும். ஆனால் நேர் பின்னாலும் மூக்குக்கு நேர் முன்னாலும் தெரியாது. அதனால்தான் பிள்ளை ஆசையாக நெற்றியைத் தடவக் கை நீட்டும்போது அது தலையை வெடுக்கென்று தூக்குகிறது. பிடிகயிற்றை ஒருபோதும் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது, குதிரை மிரண்டு ஓடினால் விரல் போய்விடும். இதெல்லாம் ஐயா சொல்லித் தெரிந்ததுதான். அவர் சேணத்தில் ஏறியதே இல்லையாம், அவருக்கு எதற்கு வழிகாட்டிச் சட்டை என்று சிலர் முணுமுணுத்ததாகக் கேள்விப்பட்டேன். சட்டையைக் கொடுத்துவிட்டேன். மறுப்பு இருந்தால் இங்கேயே சொல்லலாம்.

பிள்ளையோடு எந்தப் பெரியவரும் தனியாக இருக்கக் கூடாது, எப்போதும் இருவர் வேண்டும் என்ற விதிக்கும் சிலர் முகம் சுளித்தார்கள். விதி எல்லோருக்கும் ஒன்றுதான், செயலாளருக்கும் சேர்த்துத்தான். வெயில் விஷயமும் அப்படியே. வெப்பத்தை ஃபாரன்ஹீட்டில் எடுத்து, காற்றின் ஈரப்பத விழுக்காட்டையும் கூட்டிப் பாருங்கள். 150-ஐத் தாண்டினால் கவனம், 180-ஐத் தாண்டினால் குதிரையை வேலை வாங்கவே கூடாது. கோலாலம்பூரில் 32 செல்சியஸ், அதாவது ஏறக்குறைய 90 ஃபாரன்ஹீட்; ஈரப்பதம் 75 என்றால் 165 ஆகிவிடுகிறது. ஆகவே வகுப்பு காலையில்தான். தூக்கம் கலைகிறது என்பதற்காக மாலைக்கு மாற்ற முடியாது.

சிங்கப்பூரில் 1842-இல் தொடங்கிய பந்தயக் கழகத்தின் குதிரைப் பந்தயம் 2024 அக்டோபர் 5-ஆம் தேதியோடு நின்றுபோனதும், ஓய்வு பெற்ற பந்தயக் குதிரை ஒன்றைப் பிள்ளைகளுக்காக வாங்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. நான்தான் தடுத்தேன், மறைக்கவில்லை. ஓடியே பழகிய குதிரைக்குச் சும்மா நிற்கக் கற்றுக்கொடுக்கவே மாதக்கணக்கில் ஆகும். அதுவரை அதன் பக்கத்தில் நிற்க ஆளும் வேண்டும்.

ஆள் என்றதும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். புதுப் பிள்ளை ஒன்று குதிரைமேல் உட்கார்ந்தால், கயிறு பிடிக்க ஒருவர், பக்கத்தில் நடக்க ஒருவர். நான்கு பிள்ளைகள் ஏற எட்டுப் பேர் வேண்டும். வருவதாகப் புலனத்தில் கட்டைவிரல் காட்டுகிறவர்களுக்குக் குறைவில்லை. ஞாயிறு காலையில் மூன்று பேர் வந்து நின்றால், ஒரு பிள்ளைதான் ஏறும். மற்றவர்கள் கையில் பிரஷ்ஷைக் கொடுக்க வேண்டியதுதான். "என்ன சார், இன்னைக்கும் தேய்க்கத்தானா?" என்று கேட்கும் பெற்றோருக்குப் பதில் சொல்வது நான். அதே ஞாயிறு பத்து மணிக்கு மேல் சவாரிக்கு என்று பூட்ஸ் பளபளக்க வருகிறவர்களையும் நான் பார்க்கத்தான் செய்கிறேன்.

கணக்கு விவரத்தைப் பொருளாளர் வைப்பார். சுருக்கமாக, வரவு இருந்தது, செலவு அதைக் கொஞ்சம் முந்திக்கொண்டது. தலைக்கவசம் வாங்கினோம், ஒருமுறை விழுந்தால் கீறல் தெரியாவிட்டாலும் மாற்றியாக வேண்டும். லாடம் அடிப்பவர் ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை வருகிறார், அவரிடம் கடன் சொல்ல முடிவதில்லை. சந்தா பாக்கி பற்றிப் பெயர் சொல்லிப் பேச வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் சொல்லவில்லை. நினைவூட்டலுக்கு நீலக் குறி விழுந்ததும் பதில் வராததும் பதிவில் இருக்கிறது. 1966-ஆம் ஆண்டுச் சங்கச் சட்டப்படி, கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு விவரம் அனுப்ப வேண்டும். அதற்கு முன் உறுப்பினர் பட்டியலைச் சரிபார்ப்பேன்.

லாயம் தந்து உதவியவர்கள், மருத்துவர், பெற்றோர், தேநீர் ஏற்பாடு செய்த மகளிர் பிரிவு, அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இந்தப் பயிற்சி தொடருமா என்று கேட்கிறார்கள். சட்டை, கொக்கி, கயிறு எல்லாம் தயாராக இருக்கிறது. செயலாளர் பொறுப்பை வேறு யாராவது ஏற்க விரும்பினால் சாவியை இன்றே தருகிறேன், மனத்தாங்கல் எதுவும் இல்லை. அது முடியாதென்றால், மாதத்தில் ஒரு ஞாயிறு, காலை ஏழரைக்கு, சவாரி இல்லாமல். பெயர் எழுதும் தாளை வடைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். பேனாவும் கட்டியிருக்கிறது.

நன்றி, வணக்கம்.

செயலாளர்,
கோலாலம்பூர்