தமிழ் எழுதுகிறவரைக் கடைசியில் கூப்பிடாதீர்கள்: பெரிய விளம்பர ஏஜென்சிகளின் கிரியேட்டிவ் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள கிரியேட்டிவ் தலைவர்களுக்கு,

வணக்கம். மும்பையில் ஒரு பெரிய ஏஜென்சியில் 11 வருடமாகத் தமிழ் காப்பிரைட்டராக, அதாவது விளம்பரங்களுக்குத் தமிழ் எழுதுகிறவராக இருக்கிறேன். உங்களில் சிலரோடு ஒரே மாடியில் வேலை பார்த்திருக்கிறேன், சிலருக்கு என்னை வாட்ஸ்அப்பில் மட்டும்தான் தெரியும். இதை மீட்டிங்கில் சொல்லலாமே என்று கேட்பீர்கள். மீட்டிங்குக்குத்தான் எங்களைக் கூப்பிடுவதில்லையே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

ஒரு தீபாவளிக்கு முன்னால், வெள்ளிக்கிழமை இரவு 9.40க்கு எனக்கு ஒரு மெசேஜ் வந்தது. 30 விநாடிப் படம், இந்தியில் எடுத்து முடித்தாயிற்று, க்ளையன்ட் ஓகே சொல்லியாயிற்று, தமிழ் வசனம் காலை 8 மணிக்குள் வேண்டும், 10 மணிக்கு டப்பிங். படத்தைத் திறந்து பார்த்தால் முழுக்க இரவு. வாசலெல்லாம் அகல் விளக்கு, லட்சுமி பூஜை, விளக்கு ஏற்றியபடியே மாமியாரும் மருமகளும் பேசிக்கொள்கிறார்கள். அழகான படம்தான், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் ஊரில் தீபாவளி விடியற்காலையில் நடக்கிற பண்டிகை. நாலு மணிக்கு எழுப்பித் தலையில் எண்ணெய் வைத்து, வெந்நீரில் குளித்து, மஞ்சள் தடவின புதுத்துணி போட்டு, வெளிச்சம் வருவதற்குள் முதல் வெடியைக் கொளுத்தியாக வேண்டும். வாசலில் வரிசையாக அகல் வைப்பது கார்த்திகைக்கு. இதை நான் எந்த வார்த்தையை வைத்துச் சரிசெய்வது? இரவு இரண்டரை வரை உட்கார்ந்து நாலு வெர்ஷன் எழுதி அனுப்பினேன். படம் டிவியில் வந்த அன்று மதுரையிலிருந்து அம்மா போன் செய்தார். "என்னடி, கார்த்திகைக்கு எடுத்த படத்தை இப்பவே போட ஆரம்பிச்சுட்டாங்க?" நான்தான் அதற்கு எழுதினேன் என்று அம்மாவிடம் இன்று வரை சொல்லவில்லை.

அந்த இரவில் எனக்கு மெசேஜ் அனுப்பிய, க்ளையன்ட்டோடு பேசுகிற சர்வீசிங் பெண் மீது எனக்குக் கோபமே இல்லை. அவரும் அலுவலகத்தில்தான் இருந்தார், அவரும் சாப்பிட்டிருக்க மாட்டார். வேலை வருகிற வரிசைதான் தப்பு. க்ளையன்ட்டிடமிருந்து ப்ரீஃப் (என்ன விளம்பரம், யாருக்கு என்ற குறிப்பு) வரும், ப்ளானிங் ஒரு வாரம் எடுக்கும், ஐடியா மூன்று முறை திரும்பி வரும், டைரக்டர் கிடைக்கத் தாமதமாகும், ஷூட்டிங் தள்ளிப்போகும், எடிட்டில் க்ளையன்ட் இன்னும் இரண்டு திருத்தம் சொல்வார். இத்தனைக்கும் நடுவில் ஒரே ஒரு தேதி மட்டும் நகராது, சேனலில் நேரம் வாங்கிவைத்த தேதி. ஆக முன்னால் நின்ற அத்தனை பேரும் எடுத்துக்கொண்ட நாட்களை, வரிசையில் கடைசியாக நிற்கிறவர் தன் தூக்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கடைசி ஆள் பெரும்பாலும் மொழி எழுதுகிறவர். தமிழ் மட்டுமில்லை, எனக்குப் பக்கத்து இருக்கையில் இருக்கும் தெலுங்குக்காரருக்கும் பெங்காலிக்காரருக்கும் இதே கதைதான்.

இந்தத் தொழிலில் இரவு வேலையை ஒரு பெருமையாகப் பேசுகிறோம். அது எங்கே கொண்டுபோய் விடும் என்று ஜப்பானில் பார்த்தாயிற்று. அங்குள்ள பெரிய விளம்பர நிறுவனமான டென்ட்சுவில் 1991இல் 24 வயது இளைஞர் ஒருவர் வேலைப் பளு தாங்காமல் தன் உயிரை முடித்துக்கொண்டார், அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2000இல் தீர்ப்பு வந்தது. அதற்குப் பிறகும், 2015 கிறிஸ்துமஸ் அன்று, அதே நிறுவனத்தில் அதே 24 வயதில், சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத ஒரு பெண். ஒரே மாதத்தில் 100 மணி நேரத்துக்கும் மேல் ஓவர்டைம் பார்த்திருந்தார். அதிக வேலையால் நேர்ந்த மரணம் என்று அரசே ஏற்றுக்கொண்டது, நிறுவனத்தின் தலைவர் பதவி விலகினார், 2017இல் நிறுவனத்துக்கு நீதிமன்றம் விதித்த அபராதம் 5 லட்சம் யென். நம் காசுக்குச் சில லட்சம் ரூபாய்தான். அந்த நிறுவனத்தின் அலுவலகத்தில் இரவு 10 மணிக்கு விளக்கை அணைக்க ஆரம்பித்தார்கள். நல்லதுதான், ஆனால் 9.40க்கு வேலை வந்தால் விளக்கை அணைத்து என்ன பயன், மடிக்கணினி கூடவே வீட்டுக்கு வந்துவிடுகிறதே. வேலை எப்போது வந்து சேர்கிறது என்பதை மாற்றாமல் இது மாறாது.

சரி, எழுத்துக்கு வருகிறேன், எனக்கு அதிகம் வலிப்பது அங்கேதான். "ட்ரான்ஸ்லேஷன்தானே, ஒரு மணி நேரம் போதாதா" என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்ன உதாரணம். இந்தியில் எதிரில் இருப்பவரைக் கூப்பிட தூ, தும், ஆப் என்று மூன்று இருக்கிறது. தமிழில் நீ, நீங்கள் என்று இரண்டுதான். அந்த நடுவில் இருக்கும் 'தும்' என்ற ஒன்றை வைத்துத்தான் பாதி இந்தி விளம்பரங்களே ஓடுகின்றன, கணவன் மனைவி, மாமியார் மருமகள், முதலாளி டிரைவர் எல்லோரும் அந்த ஒரு சொல்லில் நெருக்கமாகவும் இருந்துகொள்ளலாம், மரியாதையாகவும் இருந்துகொள்ளலாம். தமிழில் நான் முடிவு செய்தாக வேண்டும். இந்த மனைவி கணவனை "என்னங்க" என்பாளா, பேர் சொல்லி "வாடா" என்பாளா? அதைச் சொல்ல எனக்கு அவர்கள் எந்த ஊர், என்ன வயது, காதல் கல்யாணமா, கூட யார் இருக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். ப்ரீஃபில் இதெல்லாம் ஒரு வரியாவது இருந்திருக்கும். எனக்கு அந்த ப்ரீஃப் வருவதில்லை, வீடியோ லிங்க் மட்டும்தான் வருகிறது.

அப்புறம் வாயசைப்பு. இந்தியில் "காவோ" என்று இரண்டு அசையில் முடிகிற இடத்தில் "சாப்பிடுங்க" என்று எழுதினால் நடிகர் வாயை மூடிய பிறகும் குரல் போய்க்கொண்டிருக்கும். அதற்காக "உண்" என்று எழுத முடியுமா? யார் வீட்டில் அப்படிப் பேசுகிறார்கள்? அதனால் வாக்கியத்தையே பிரித்துப் போட்டு, முன் ஷாட்டில் முகம் தெரியாத இடத்தில் பாதியைத் தள்ளி, மீதியை இங்கே உட்கார வைக்கிறோம். ஒரு நல்ல டப்பிங் குரல் கலைஞர் மைக் முன்னால் நின்றுகொண்டே இதில் பாதியைச் சரிசெய்து கொடுத்துவிடுவார், அவர்கள் பெயரையும் யாரும் எங்கும் எழுதுவதில்லை.

இவ்வளவையும் தாண்டி எழுதியதை நீங்கள் எப்படி மதிப்பிடுகிறீர்கள்? நான் எழுதிய தமிழை நானே திரும்ப ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும், அந்த ஆங்கிலத்தைப் படித்துவிட்டு "பஞ்ச் இல்லையே" என்கிறீர்கள். "வயிறு குளிர்ந்துச்சு" என்பதை ஆங்கிலத்தில் போட்டால் எந்தப் பஞ்ச் இருக்கும்? அலுவலகத்தில் தமிழ் பேசுகிற நாலு பேர் இருக்கிறார்கள், அக்கவுன்ட்ஸில் ஒருவர், ஐடியில் ஒருவர். அவர்களைக் கூப்பிட்டு வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள், அவர்கள் முகத்தைப் பாருங்கள், அது போதும்.

எழுத்துரு விஷயத்தையும் விட முடியாது. அச்சுக்குப் போகிற ஃபைலில் ஒரு சின்ன செட்டிங் மாறியதால் கொம்பும் காலும் இடம் மாறி நின்ற பேனர்களை நானே பார்த்திருக்கிறேன். ஃபைனல் ஆர்ட்வொர்க்கை அச்சுக்கு அனுப்புமுன் எனக்கு ஐந்து நிமிடம் காட்டினால் தடுத்திருக்கலாம். யாரும் காட்டவில்லை, ஏனென்றால் என் வேலை 'முடிந்துவிட்டது' என்று ஷீட்டில் இருந்தது.

இதற்கெல்லாம் பின்னால் காசுக் கணக்கு இருப்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஒரு காலத்தில் பத்திரிகையிலும் டிவியிலும் விளம்பர இடம் வாங்கித் தருவதற்கு 15 சதவீதம் கமிஷன் வாங்கி அதில் எல்லோரையும் வைத்துச் சமாளித்த தொழில் இது. இப்போது பெரும்பாலும் எத்தனை ஆள் வேலை பார்க்கிறார்கள் என்று எண்ணி மாதக் கட்டணம் பேசுகிறார்கள். நான் பார்த்த அளவில், அந்தப் பட்டியலில் மொழி எழுதுகிறவர்கள் பாதி ஆளாகவோ கால் ஆளாகவோதான் வருகிறார்கள், அல்லது வெளியே ஸ்கிரிப்ட்டுக்கு இவ்வளவு என்று போய்விடுகிறது. 1864இல் தொடங்கிய ஜே. வால்டர் தாம்சன் என்ற ஏஜென்சியின் பெயரே இன்று கிடையாது, 2025 நவம்பரில் ஆம்னிகாம் என்ற விளம்பரக் குழுமம் இன்டர்பப்ளிக் என்ற இன்னொரு குழுமத்தை வாங்கி முடித்ததும் டிடிபி, எஃப்சிபி என்ற ஏஜென்சிப் பெயர்களையும் நிறுத்தப்போவதாக அறிவித்தார்கள். கம்பெனிகள் சேரும்போதெல்லாம் ஆட்களைக் குறைக்கிறார்கள். எங்கள் இடத்தில் ஆறு மொழிக்கு ஆறு பேர் இருந்தோம், இப்போது மூன்று பேர்.

ஆனால் வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. 1983இல் கடலூரில் சின்ன முதலீட்டில் தொடங்கிய சிக் ஷாம்பு, ஊர் ஊராகப் போய் ஆட்களுக்குத் தலை தேய்த்துக் காட்டி, ரேடியோவில் அந்த ஊர்க்காரர்கள் காதுக்குப் பழகிய பேச்சில் பேசி, பெரிய பன்னாட்டு நிறுவனங்களையே சின்ன பாக்கெட்டில் ஷாம்பு விற்க வைத்தது. சென்னையில் ஏ.ஆர். ரகுமான் சினிமாவுக்கு முன்னால் விளம்பரங்களுக்கு இசை போட்டுக்கொண்டிருந்தார், லியோ காபி விளம்பரத்தின் இசையை எங்கள் தலைமுறை இன்னும் முணுமுணுக்கிறது. அந்த வேலைகள் எதுவும் வேறு மொழியில் முடிந்து எங்கள் ஊருக்கு மிச்சமாக வந்தவை இல்லை.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. தனிப் படம் எடுங்கள் என்று ஒவ்வொரு முறையும் கேட்கவில்லை, பட்ஜெட் தெரியும். முதல் ப்ரீஃப் நடக்கும் அறையில் ஒரு நாற்காலி கொடுங்கள். படத்தைக் காட்சி காட்சியாக வரைந்த ஸ்டோரிபோர்டு க்ளையன்ட்டுக்குப் போகுமுன் ஒரு தடவை காட்டுங்கள், அன்றைக்கு "இதைக் காலையில் நடப்பதாக வைத்துக்கொள்ளலாமா, இரண்டு ஊருக்கும் பொருந்துமே" என்று சொல்லியிருப்பேன், ஒரு பைசா கூடுதலாக ஆகியிருக்காது. தமிழ் எழுத இரண்டு முழு வேலை நாளை ஷெட்யூலிலேயே போடுங்கள். விருதுக்கு அனுப்பும்போது க்ரெடிட்டில் எங்கள் பெயரையும் சேருங்கள், குரல் கொடுத்தவர் பெயரையும் சேர்த்து.

பொங்கல் ப்ரீஃப் எப்படியும் நவம்பரில் வந்துவிடும். போகி, தைப் பொங்கல், மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல் என்று நாலு நாளும் நாலு விதம், அறுவடைப் பண்டிகை என்று ஒரே வரியில் ஸ்லைடில் போட்டு முடித்துவிடாதீர்கள். அந்த மீட்டிங்குக்கு எனக்கும் ஒரு இன்வைட் அனுப்புங்கள், நான் பத்து நிமிடம் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருப்பேன்.

அன்புடன்,
உங்கள் தமிழ் காப்பிரைட்டர்