அப்பாவின் மவுஸ்

யாங்கோன்
ஞாயிறு காலை

அன்புள்ள நண்பா,

நாங்கள் நலம். மோல்மேனில் மழை பிடித்துக்கொண்டது என்று எழுதியிருந்தாய். இங்கேயும் விடாத மழை. கரண்ட் வருவதும் போவதுமாக இருக்கிறது.

அப்பாவைக் கேட்டிருந்தாயே. கோயில் தமிழ் வகுப்புக்கான பாடத்தாள்களை இன்னும் அவர்தான் டைப் செய்கிறார். ஆனால் வலது கை நடுங்குகிறது. ஒரு சொல்லைத் தொடப் போனால் கை வெட்டும், அம்புக்குறி திரையின் ஓரத்துக்கு ஓடிவிடும். ஒருநாள் மவுஸை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை.

அவருடையது பழைய லினக்ஸ். திரையையும் மவுஸையும் நடத்துவது எக்ஸ் விண்டோ என்ற மென்பொருள். மவுஸின் அமைப்பைச் சொல்லும் எக்ஸ்-கெட்-பாயிண்டர்-கண்ட்ரோல் என்ற ஃபங்ஷனைக் கூப்பிட்டுப் பார்த்தேன். வேகம் 2/1, வரம்பு 4 என்றது. கையேட்டின்படி, ஒரே அசைவில் 4 பிக்சல் வரை உள்ளது உள்ளபடி போகும். அதற்கு மேலே உள்ளது மட்டும் இரட்டிக்கும். கை 10 அசைந்தால் 4 போக மீதி 6 என்பது 12 ஆகி, அம்புக்குறி 16 நகரும். அப்பாவின் நடுக்கம்தான் இப்படிப் பெருகிக்கொண்டிருந்தது.

முதலில் அந்த அமைப்பை மாற்றும் எக்ஸ்-சேஞ்ச்-பாயிண்டர்-கண்ட்ரோலில் வேகத்தை 1/1 ஆக்கினேன். நடுக்கம் அடங்கியது, ஆனால் திரையைக் கடக்க மவுஸை மூன்று தடவை தூக்கி வைக்க வேண்டியிருந்தது. அப்புறம் வேகத்தை 2/1 ஆகவே விட்டு, வரம்பை 20 ஆக்கினேன். சின்ன வெட்டு பெருகவில்லை, வேண்டுமென்றே இழுத்தால் ஓடுகிறது. இவரைப் போன்றவர்களுக்கு முதலில் தொட வேண்டியது வரம்பைத்தான் என்பது என் எண்ணம்.

ஒன்று சொல்ல மறந்தேன். முதல் நாள் எதுவுமே மாறவில்லை, பிழைச் செய்தியும் இல்லை. ஒரு மணி நேரம் தேடினேன். நம் நிரலின் கட்டளைகளை எக்ஸ் விண்டோவுக்குக் கொண்டுபோவது எக்ஸ்லிப் என்ற நிரல் நூலகம். அது கட்டளைகளைச் சேர்த்து வைத்துத்தான் அனுப்பும். சேர்ந்ததை உடனே அனுப்பச் சொல்லும் எக்ஸ்-ஃப்ளஷைப் போடாமல், டிஸ்பிளே என்ற இணைப்பையும் மூடாமல் வெளியேறியிருந்தேன். கட்டளை கிளம்பவே இல்லை! இன்னொன்று, இந்த மாற்றம் எக்ஸ் விண்டோவின் மையமான எக்ஸ் சர்வர் ஓடும் வரைதான். கரண்ட் போய் வந்தால் பழையபடி 4. அதனால் உள்ளே நுழைந்ததும் தானாக ஓடும்படி வைத்துவிட்டேன்.

கோயிலில் இருக்கும் புதுக் கணினியில் இதெல்லாம் செல்லவில்லை. அங்கே மவுஸை லிப்இன்புட் என்ற வேறொரு மென்பொருள் பார்த்துக்கொள்கிறது, வேகத்தைத் தானே கணக்கிடுகிறது. அதன் அமைப்பை மாற்ற எக்ஸ்ஐ-சேஞ்ச்-ப்ராப்பர்ட்டி என்ற ஃபங்ஷன் வழியாகத்தான் போக வேண்டும். வேகம் -1 முதல் 1 வரை. கையின் வேகத்துக்கேற்பப் பெருக்கத்தை மாற்றும் ‘அடாப்டிவ்’ முறையை விட்டு ‘ஃபிளாட்’டுக்கு மாற்றி, வேகத்தை -0.4 ஆக வைத்தேன். ஃபிளாட்டில் கை எவ்வளவு வேகமாகப் போனாலும் பெருக்கம் மாறாது. அப்பாவுக்கு அதுவும் பிடித்திருக்கிறது. நேற்று உயிர்மெய் எழுத்துப் பாடத்தை முழுதாக முடித்துவிட்டார்.

உன் அம்மாவுக்கும் கை நடுக்கம் என்றாயே. அவர்கள் கணினியில் மவுஸை எது நடத்துகிறது என்று பார்த்து எழுது. அதற்கேற்ற நிரலை அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்