வைக்கம் போகும் முன்

காசிமேடு,
கார்த்திகை 3

அன்புள்ள தாஸ்,

அஷ்டமித் திருவிழாவுக்குக் கேரளத்து வைக்கம் கிளம்புகிறாய், நல்லது. ஆனால் ‘கோயில் நுழைவுப் போராட்டம் நடந்த ஊர்’ என்று எழுதியிருக்கிறாயே, அது தப்பு. அங்கே கேட்டது கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கும் உரிமையை. ஆடு மாடு போன தெரு அது; ஈழவர், புலையர் போன்ற ஒடுக்கப்பட்ட சாதியார் போகக்கூடாது என்று பலகை நட்டிருந்தார்கள். கோயில் கதவு திறந்தது திருவிதாங்கூர் மகாராஜாவின் 1936 நவம்பர் 12 பிரகடனத்தில்தான்.

அந்த வைக்கம் சத்தியாகிரகம் 1924 மார்ச் 30 அன்று ஆரம்பம். தினம் மூன்றே பேர், கதர் உடுத்திப் பலகை வரை போவார்கள். முதல் நாள் புலையர் குஞ்ஞாப்பி, ஈழவர் பாகுலேயன், நாயர் கோவிந்தப் பணிக்கர். போலீஸ் சாதியைக் கேட்கும். மேல்சாதி என்பதால் நாயருக்கு மட்டும் வழி உண்டு. அவரோ மற்ற இருவரை விட்டுவிட்டுப் போக மாட்டேன் என்று நிற்பார். மூவரும் கைது. பெருங்கூட்டமாகப் பாய்ந்திருந்தால் தடியடியில் அன்றே முடிந்திருக்கும்.

ஏப்ரல் 10ல் திருவிதாங்கூர் சர்க்கார் தந்திரத்தை மாற்றியது. கைது கிடையாது, தடுப்பு கட்டிவிட்டார்கள். ஜெயிலுக்குத் தயாராக வந்தவனைப் பிடிக்காமல் விட்டால் என்ன செய்வான்? வெயிலில் உட்கார்ந்து பட்டினி கிடந்தார்கள். பட்டினி வேண்டாமென்றார் காந்தி, ராட்டை சுற்றினார்கள். முன்பே பிடிபட்ட தலைவர்கள் சிறையிலிருக்க, ஈரோட்டிலிருந்து பெரியார் போனார்; பிறகு அவரும் இரண்டு முறை சிறைப்பட்டார். அவர் மனைவி நாகம்மையும் தங்கை கண்ணம்மாளும் களத்தில் நின்றார்கள்.

ஜூலையில் பெருவெள்ளம். மலையாள ஆண்டு 1099, அதனால் அங்கே ‘99 வெள்ளம்’ என்பார்கள். போலீஸ் படகில், தொண்டர்கள் மார்பளவு நீரில். வியாசர்பாடியில் மழைக்காலம் பார்த்தவனுக்கு அந்த நீரில் நிற்பது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை.

1925 பிப்ரவரியில் தெருக்களை எல்லோருக்கும் திறக்கக் கோரிய சட்டசபைத் தீர்மானம் 21க்கு 22 என்று ஒரே ஓட்டில் தோற்றது. நவம்பரில் சமரசம்: வடக்கு, தெற்கு, மேற்குத் தெருக்கள் எல்லோருக்கும்; கிழக்கு இல்லை. முழு வெற்றி என்று மேடையில் பேசுபவர்கள் இந்தக் கிழக்கை விழுங்கிவிடுகிறார்கள்.

சென்ட்ரலில் ஏறினால் எர்ணாகுளத்திலோ கோட்டயத்திலோ இறங்கி பஸ் பிடி. வைக்கம் ரோடு ஸ்டேஷன் ஊருக்கு வெளியே, பல எக்ஸ்பிரஸ் நிற்காது. கோயிலுக்குள் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். ‘பிராதல்’ என்னும் கோயில் விருந்துக்கு வரிசை நீளும், முன்கூட்டியே நில். வலியகவலையில் பெரியார் நினைவகம் இருக்கிறது. காந்தியை உள்ளறைக்கு விடாமல் வெளியே உட்காரவைத்துப் பேசிய இண்டந்துருத்தி மனை என்ற நம்பூதிரி வீட்டையும் பார். இப்போது அது கள் இறக்கும் தொழிலாளர் சங்க ஆபீஸ். சாயங்காலம் காயலுக்கு அக்கரையிலுள்ள தவணக்கடவுக்கு சோலார் படகில் ஒரு நடை போய் வா.

அன்புடன்,
மணி