சபை நிர்வாகக் குழு: செயலரின் ஆண்டறிக்கை

கர்த்தருக்குள் அன்பான சபையாருக்கு வாழ்த்துகள். மாதக் கூட்டங்கள், விடுமுறை வேதாகமப் பள்ளி, கிறிஸ்துமஸ் ஆராதனை எல்லாம் தேவ கிருபையால் நடந்தேறின.

இந்த ஆண்டு நான் அதிகம் உழைத்தது மூப்பர் (சபையை நடத்துகிறவர்), உதவிக்காரர் (சபையின் பணிவிடைகளைக் கவனிக்கிறவர்) பற்றிய வேதபாட வகுப்புக்கு. தேர்தல் நெருங்கினாலே யாருக்கு ஆதரவு அதிகம் என்ற பேச்சுதான் நம்மிடம் எழுகிறது. அதனால் அப்போஸ்தலன் பவுலின் நிருபங்களில் 1 தீமோத்தேயு 3, தீத்து 1 இரண்டையும் வரிவரியாகப் படித்தோம். குற்றஞ்சாட்டப்படாதவர், பண ஆசை இல்லாதவர், தன் வீட்டை நன்றாக நடத்துகிறவர் என்று பவுல் கேட்பதெல்லாம் பெரும்பாலும் குணம். மூப்பருக்குப் போதிக்கவும் தெரிய வேண்டும். புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர் மூப்பராகக் கூடாது, உதவிக்காரர் முதலில் சோதிக்கப்பட வேண்டும். வசதியும் குடும்பப் பெயரும் அங்கே தகுதியாகச் சொல்லப்படவே இல்லை.

அப்புறம் ஆதிச் சபையின் வரலாற்றைச் சொல்லும் அப்போஸ்தலர் நடபடிகள் 6. விதவைகள் சிலர் அன்றாட உதவியில் விடுபடுகிறார்கள் என்று முறுமுறுப்பு எழுந்தபோது அப்போஸ்தலர்கள் அதை அமுக்கவில்லை. நற்சாட்சி பெற்ற 7 பேரைத் தெரிந்துகொள்ளச் சபையாரிடமே சொன்னார்கள், பிறகு ஜெபித்துக் கைகளை வைத்தார்கள். இதை ஒட்டி, வேட்பாளர் பெயர்களை முன்கூட்டியே அறிவித்து, சபை ஜெபித்து ஆராய அவகாசம் தர வேண்டும் என்று ஒரு தீர்மானம் எழுதினேன். கோரம் (கூட்டம் செல்ல வேண்டிய குறைந்தபட்ச வருகை) சேராமல் அது தள்ளிக்கொண்டே போகிறது. கூட்டத்துக்கு வராதவர்கள் வெளியே நின்று அந்தத் தீர்மானத்தைக் குறை சொல்வது எனக்கு உண்மையிலேயே வேதனை. பவுல் ஆள் அனுப்பியதும் எபேசு பட்டணத்துச் சபையின் மூப்பர்கள் மிலேத்து என்ற வேறு ஊர்வரை போனார்கள். நம் கூட்டமோ ஆராதனை முடிந்த கையோடு, அடுத்த அறையில்தான் நடக்கிறது.

கணக்கு தணிக்கையாகிவிட்டது. செலவு வரவுக்குள் அடங்கியது, விவரம் பொருளாளரிடம் உண்டு. சந்தா பாக்கி மட்டும் கூடியிருக்கிறது. அதனால் முதலில் கை வைக்க நேர்ந்தது ஏழைகள் நிதியில் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எருசலேம் ஏழைகளுக்கான காணிக்கையைக் கையாளும்போது யாரும் குறை சொல்ல இடம் வராதபடி பவுல் மற்ற சகோதரர்களையும் சேர்த்துக்கொண்டார் (2 கொரிந்தியர் 8). காணிக்கை எண்ண இரண்டாவது ஆள் வேண்டும் என்று நான் வற்புறுத்துவதும் அதனால்தான். தயவுசெய்து பெயர் கொடுங்கள்.

போதகர், பொருளாளர், ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள், ஆலயத்தைச் சுத்தம் செய்தவர்கள் அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் செயலர் யார் என்பதைச் சபை தீர்மானிக்கட்டும். வேட்பாளர் பெயர்களை முன்கூட்டியே அறிவிக்கும் தீர்மானம் நிறைவேறும்வரை இந்தப் பொறுப்பைச் சுமக்க எனக்கு மனமுண்டு. சந்தா பாக்கி உள்ளவர்கள் பொதுக்குழுவுக்கு முன் செலுத்திவிடுங்கள், விதிப்படி பாக்கி இல்லாதவர்களுக்குத்தான் வாக்குரிமை.

கிறிஸ்துவின் பணியில்,
செயலர்