பழைய காரை விற்காதவர்கள்

ஆசிரியருக்கு,

பழைய காரை விற்காமல் வைத்திருந்தால் கஞ்சத்தனம் என்கிறார்கள். அப்படியில்லை. எங்கள் மாருதி 800, 1999 மாடல், 796 சிசி, காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் உள்ள வண்டி. காலையில், குளிர்ந்த எஞ்சின் எளிதில் ஸ்டார்ட் ஆக உதவும் சோக் குமிழை இழுத்து ஸ்டார்ட் செய்துவிட்டு, எஞ்சின் சத்தம் சீரானதும் மெல்ல உள்ளே தள்ள வேண்டும். கார்புரேட்டரில் தூசி அடைத்தால் தெருமுனை மெக்கானிக்கே கழற்றி, பெட்ரோலில் கழுவி மாட்டிவிடுவார். தயாரிப்பு 2014-லேயே நின்றுவிட்டது. ஆனாலும் உதிரிபாகம் கிடைக்கிறது. மாதத் தவணை என்ற கவலையே இல்லை. விற்றால் என்ன பெரிதாகக் கிடைத்துவிடும்?

ஏர்பேக் கிடையாது, உண்மைதான். அதனால் நான்குவழிச் சாலைக்கு எடுப்பதில்லை. ரேஷன் கடை, ஆஸ்பத்திரி, அம்மாவைக் கோயிலுக்கு அழைத்துப்போக, இதற்கு மேல் என்ன வேண்டும்?

என் வருத்தமெல்லாம் கட்டணம் பற்றித்தான். 15 வருடம் கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்ததை 2022 ஏப்ரலில் 5,000 ஆக்கினார்கள். புகை, பிரேக் எல்லாம் சோதித்து, தேறினால்தானே புதுப்பிக்கிறார்கள்? அப்புறம் வயதுக்கென்று தனித் தண்டம் எதற்கு? தேறிய வண்டிக்காவது மத்திய அரசு இதைக் குறைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், காரைக்குடி